ஈரம் படாத படகு

ராசிங்காபுரம் போகிற சாலையில், இலவ மரங்களுக்குப் பின்னால் இருந்த பழைய ஏலக்காய்க் குடோனுக்குள் ஒரு பாய்மரப் படகு நின்றது. முப்பத்துநாலு அடி நீளம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் எங்கோ ஒரு கரையில் தேக்குப் பலகைகளை ஒன்றோடொன்று அணைத்து வைத்துக் கையால் கட்டிய படகு. வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, பாதி உலகத்தைச் சுற்றிவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அங்கே அந்த அம்மாளுக்கு நெஞ்சுவலி கண்டது. படகை விற்றுவிட்டு இருவரும் விமானத்தில் ஊர் திரும்பினார்கள்.

வாங்கியவர் போடிக்காரர். பெயர் பிரபாகரன். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். இன்னும் மூன்று வருஷம் கப்பல் வேலை பார்த்துவிட்டு, பிறகு இந்தப் படகில் இலங்கை, மாலத்தீவு என்று காற்று போகிற பக்கமெல்லாம் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அதுவரை துறைமுகத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஊரிலோ அப்பா காலத்துக் குடோன் காலியாகக் கிடந்தது. பாய்மரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக் கட்டி, டிரெய்லர் லாரியில் படகை மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதைப் பார்த்துக்கொள்ள அவர் தேடிப் போன ஆள் பிச்சைமணி.

பிச்சைமணியை ஏன் என்று ஊரே கேட்டது. கேட்டதற்குக் காரணம் இருந்தது. போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர்க்காரராக இருந்தவர் அவர். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயைச் சூட்டில் வாட்டி எடுக்கிற அறை. ஒரு நாள் அந்த ஸ்டோரில் இரண்டு மூட்டைக் காய் குறைந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர் பிச்சைமணியை நிறுத்தி வைத்து, மடியை உதறச் சொன்னார். இரண்டு மூட்டைக் காய் மடியில் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. "நான் எடுக்கலைங்க" என்று அவர் மூன்று முறை சொன்னார். நாலாவது முறை சொல்ல வாய் வரவில்லை. அன்று மலையிறங்கியவர்தான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் போடியில் ஒரு குடோன்காரரும் அவரைக் காவலுக்குக்கூட வைக்கவில்லை. லோடு ஏற்றினார், இலவங்காய் பொறுக்கினார், கிடைத்த சோலியைச் செய்தார்.

அப்படிப்பட்டவரின் வீட்டு வாசலில் வந்து நின்றார் பிரபாகரன்.

"அண்ணே, எங்கப்பா சாகுற வரைக்கும் ஒங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல. பிச்சைமணி எடுத்திருக்க மாட்டான்னுதான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. படகை ஒங்களை நம்பி விட்டுட்டுப் போறேன்."

பிச்சைமணி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே அடுப்படியில் அவர் மனைவி வேலுத்தாய் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு மனிதனுக்குச் சோறு போடுவது பெரிய தர்மம்தான். ஆனால் ஊர் கைவிட்டவனிடம் 'உன்னை நம்புகிறேன்' என்று சொல்வது அதைவிடக் கொஞ்சம் பெரிது. பிரபாகரன் அன்று அதைச் செய்தார். பின்னால் நடந்ததை வைத்து அதை மறந்துவிடக் கூடாது.

குடோனுக்குள் படகைச் சுற்றிக் காட்டிவிட்டு அவர் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுண்ணே. ஈரம் மட்டும் பட்டுறக் கூடாது. மழைத் தண்ணி எறங்குச்சுன்னா மரம் இத்துப் போயிரும்."

"ஈரத்தைப் பத்தி எனக்கா தம்பி சொல்றீக?" என்று பிச்சைமணி சிரித்தார். ஆறு வருஷத்தில் அவர் அப்படி வாய் நிறையச் சிரித்ததை வேலுத்தாய்கூடப் பார்த்ததில்லை.

ஈரம்தான் அவருடைய ஆயுள்கால எதிரி. பறித்து வந்த பச்சைக்காயில் முக்கால்வாசி தண்ணீர். அதைச் சூடான குழாய்கள் ஓடுகிற அறையில் பரப்பி, இரவும் பகலும் அடுப்பைப் பார்த்து, பதமாக வற்றவைக்க வேண்டும். சூடு ஏறினால் காய் வெடிக்கும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஸ்டோர்ச் சுவரில் மயிரிழை விரிசல் கண்டாலும் பிச்சைமணிக்கு உறக்கம் வராது. சூடு வெளியேறினால் காயின் பச்சை நிறம் போய்விடும். உடனே மண்ணைக் குழைத்து அப்பி, காற்றுப் புகாமல் அடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். விரிசலை விட்டுவைப்பது அவர் தொழிலில் சோம்பேறித்தனம். பாவம் என்றே அவர் நினைத்தார்.

அந்தக் கையோடுதான் அவர் படகுக்கு வந்தார்.

காலையில் பரமசிவன் கோயில் இருக்கிற மலைப்பக்கம் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு குடோன். மேல்தளத்தில் ஒரு தூசி இருக்காது. பித்தளைக் கொக்கிகளும் வளையங்களும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். பாய்த்துணிகளை வாரம் ஒருமுறை பிரித்து உதறி, மடிப்பு மாற்றி மடித்து வைப்பார். கயிறுகளைச் சுருள் பிரித்துக் காற்றாட விடுவார். வெள்ளிக்கிழமை முன்மூக்கில் ஒரு சந்தனப் பொட்டு.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைச் சுருளி தினமும் ஏதாவது கேட்பான்.

"என்ன மாப்ளே, கப்பலு கெளம்புதா? கொட்டகுடி ஆத்துல முழங்கால் தண்ணி வந்துருக்காமே?"

"ஒனக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். துடுப்புப் போட ஒரு தடிமாடு வேணும்ல."

"இவரு கேப்டனாம்ப்பா. கேப்டன் சாருக்கு ஒரு டீ போடு, சீனி கம்மியா."

கேலிதான். ஆனால் அந்தக் கேலியில் பழைய நாற்றம் இல்லை. ஏலக்காய் மூட்டையைப் பற்றி யாரும் ஜாடை பேசவில்லை. கேப்டன் என்று கூப்பிட்டார்கள். பிச்சைமணி டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்து நடந்தார்.

ஏலக்காய் ஏலக் கம்பெனியில் காய் தரம் பிரிக்கப் போகிற வேலுத்தாய் சாயங்காலம் அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் படகைச் சுற்றி ஒரு நடை நடப்பாள்.

"என்னைய இந்த மாதிரித் தொடைச்சுத் தொடைச்சு வச்சிருந்தா நானும் நாப்பது வயசுக்காரியாத்தான் தெரிவேன்."

"ஒனக்கு வார்னீஷ் அடிச்சா நிக்குமா? வாய் பேசிப் பேசியே உதுந்துரும்."

"நிக்கும், நிக்கும். கொண்டா அந்த பிரஷ்ஷ."

முதல் வருஷம் ஆடி மாதத்தில் மெட்டிலிருந்து சாரல் காற்று இறங்கியது. குடோனுக்குள் துணி நமுத்த வாடை. பலகையில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. பிச்சைமணிக்குப் பொறுக்கவில்லை. பழைய தகரப் பீப்பாயில் அடுப்பு கட்டினார். புகைக்குழாயை ஓட்டுக்கு மேலே விட்டார். படகுக்கும் அடுப்புக்கும் நடுவே மணல் கொட்டினார். ஸ்டோரில் காய்க்கு வைப்பது போல மிதமான சூடு. தேவாரத்துப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து சைக்கிளில் விறகு கொண்டுவந்தார். மழைக்காலம் முழுக்க அந்த அடுப்பு அணையவில்லை. மழை நின்ற பிறகு பலகையைத் தட்டிப் பார்த்தார். மணி அடித்த மாதிரி ஓசை வந்தது. நன்றாக வற்றிய ஏலக்காயைக் கையில் எடுத்துக் குலுக்கும்போது வருகிற ஓசை நினைவுக்கு வந்தது. அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார்.

இரண்டாம் வருஷக் கோடையில் பலகைகளுக்கு நடுவே கோடுகள் தெரிந்தன. முதலில் மயிரளவு. பிறகு நகம் நுழைகிற அளவு. உள்ளேயிருந்து பழைய பஞ்சு இழை இழையாக வெளியே எட்டிப் பார்த்தது. கப்பல் கட்டுகிறவன் பஞ்சை எதற்கு வைப்பான்? யாரோ சோம்பேறி விரிசலை ஒப்பேற்றப் பஞ்சைத் திணித்திருக்கிறான் என்று அவர் முடிவு கட்டினார். எஸ்டேட்டிலும் அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். சுவர் விரிசலில் சாக்குத் துணியைச் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். பஞ்சு முழுவதையும் கொக்கிக் கம்பியால் இழுத்துப் போட்டார். ஹார்டுவேர் கடையில் விசாரித்து, இரண்டு டப்பாவைக் கலந்தால் கல்லாக இறுகுகிற பசையை வாங்கினார். ஒன்பது வாரம் ஆயிற்று. ஒவ்வொரு கோட்டிலும் பசையைத் திணித்து, அது இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். விரலால் தடவினால் எது பலகை, எது பூச்சு என்று தெரியவில்லை.

வேலுத்தாயின் போனில் படம் எடுத்து அனுப்பினார். கூடவே பேசியும் அனுப்பினார்: "தம்பி, பலகைக்கு நடுவுல கோடு விட்டுப்போச்சு. பஞ்செல்லாம் எடுத்துட்டு, கெட்டியாப் பூசி அடைச்சுட்டேன். ஒரு பொட்டு ஈரம் நொழையாது."

பிரபாகரன் அப்போது பிரேசில் பக்கம் கப்பலில் இருந்தார். ராத்திரி அவரும் பேசியே பதில் அனுப்பினார். "சூப்பர்ணே! புதுப் படகு மாதிரி இருக்கு. நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிச்சைமணி எத்தனை முறை கேட்டாரோ தெரியாது. வேலுத்தாய் போன் பேச எடுக்கும்போதெல்லாம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில் பிரபாகரன் கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்தார். குடோன் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். படகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இதுக்கு மேல யாரும் பாத்துக்க முடியாதுண்ணே" என்று பிச்சைமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இரும்புக் கப்பல்களிலேயே காலம் கழித்தவர் அவர். மரப்படகைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் பார்த்த படங்கள்தான். அது பிச்சைமணிக்குத் தெரியாது. பிரபாகரனுக்கே தெரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்.

கிரேன் வந்தது, டிரெய்லர் வந்தது. சுருளி கடையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான். பிச்சைமணி லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது அவன் கத்தினான்: "கேப்டன்! கடல்ல வாந்தி எடுத்தா மீனு பாவம், பாத்து!" கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அதே சாலையில்தான் ஒன்பது வருஷத்துக்கு முன் பிச்சைமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தார்.

தூத்துக்குடியில் கித்தேரியான் மேஸ்திரி என்று ஒருவர். அறுபது வயது. கடலோரத்தில் அவருக்கு மரப்படகு கட்டுகிற தளம் இருந்தது. அந்தத் தளத்துக்குப் பக்கத்தில்தான் கிரேன் வைத்துப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மேஸ்திரி அன்று வேறு படகு வேலையாக மணப்பாடு போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இறக்க விட்டிருக்க மாட்டார்.

படகு அழகாக மிதந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. "மரப்படகுன்னா மொத நாள் ஒழுகாம இருக்காதே" என்று அங்கே நின்ற மீனவர் ஒருவர் ஆச்சரியப்பட்டார். பிச்சைமணிக்குப் பெருமை தாங்கவில்லை. பிரபாகரன் இன்ஜின் சாமானும் அனுமதிக் காகிதமும் வாங்க அலைந்துகொண்டிருந்தார். பிச்சைமணி படகிலேயே தங்கிக் காவல் இருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் படகின் வயிற்றிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். விறகு வெடிக்கிற மாதிரி. தண்ணீரில் உட்காரும்போது அப்படித்தான் சத்தம் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஏழெட்டு முறை. நாலாம் நாள் காலையில் பாயை விரித்துப் படுத்திருந்தவருக்கு முதுகு நனைந்தது. எழுந்து பார்த்தால் கணுக்கால் தண்ணீர்.

கத்திக்கொண்டே கரைக்கு ஓடினார். ஊர் திரும்பியிருந்த கித்தேரியான் மேஸ்திரிதான் ஆட்களைக் கூட்டிப் பம்ப்பு வைத்து, படகைச் சாய்தளத்தில் இழுத்துப் போட்டார். பிரபாகரனுக்குப் போன் போயிற்று. அவர் துறைமுக அலுவலகத்திலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

மேஸ்திரி படகின் உள்ளே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்து மரச் சுத்தியலால் பலகைகளைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று உளியால் பெயிண்ட்டைச் சுரண்டினார். இறுகிய பசை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நகத்தால் அதைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இத யாரு வச்சது?"

"நாந்தாங்க. விரிசல் விட்டுருந்துச்சு. அடைச்சேன்."

மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"பலகை தண்ணி குடிச்சா ஊதும் அண்ணாச்சி. ஊதுறதுக்கு எடம் வேணும். அதுக்குத்தான் நடுவுல கலப்பத்துப் பஞ்சு வைக்கது. பலகை ஊதுனா பஞ்சு நசுங்கிக் குடுக்கும், படகு ஒழுகாது. நீங்க பஞ்ச எடுத்துட்டுக் கல்ல வச்சிருக்கீய. பலகை எங்க போவும்? வெளிய தள்ளுது. உள்ள இருக்க வங்குக் கட்டைய ஒடிச்சிட்டு."

"வங்குன்னா?"

"நமக்கு நெஞ்செலும்பு இருக்குல்ல, அது மாதிரி. நாப்பத்திரண்டுல பத்தொம்பது ஒடஞ்சிட்டு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "எங்க வச்சிருந்தீய இத? இம்புட்டுக் காஞ்சிருக்கே."

"குடோனுக்குள்ளதாங்க. மழைக்காலத்துல அடுப்புப் போட்டுச் சூடா வச்சிருந்தேன். ஈரம் படாம."

பக்கத்தில் கட்டி முடிக்காமல் நின்ற வள்ளத்தின் மேல் ஒரு ஆள் வாளியில் கடல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். பிச்சைமணி அதைப் பார்த்தார். மரம் காய்ந்துவிடாமல் இருக்கத் தினமும் ஊற்றுவார்கள் என்று யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி பண்ண முடியாதுங்களா?"

"ஒரு வருசம் ஆவும். அந்தத் தேக்கு இப்போ எங்க கெடைக்கும்? புதுசாவே கட்டிரலாம்."

மேஸ்திரியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பீடியை எடுத்தவர் பற்றவைக்காமல் விரலிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டா? எங்கய்யாவும் ஒரு வள்ளத்த இப்படித்தான் பண்ணி வச்சாரு, ஒரு காலத்துல."

பொய் என்று பார்த்தாலே தெரிந்தது. அப்பாவும் படகு கட்டுகிறவர்தானே. இருந்தாலும் அந்தப் பொய்யைப் பிச்சைமணி நன்றியோடு வாங்கிக்கொண்டார்.

"சார் வந்தா நான் பேசிக்கிடுதேன். வெள்ளக்காரன் காலத்துலயே மரம் உள்ள இத்துப்போச்சு, பாத்தா தெரியாதுன்னு சொல்லிடுதேன். அவருக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்? நான் சொன்னா நம்புவாரு. நீங்க வாயத் தொறக்காண்டாம்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. பிச்சைமணி சும்மா இருந்தால் போதும். பிரபாகரன் அவரைக் காரில் ஏற்றி ஊருக்குக் கூட்டிப்போவார். பாவம் அண்ணன் எவ்வளவு பாடுபட்டாரு, படகுதான் ஏற்கனவே கெட்டுப்போச்சு என்று டீக்கடையில் எல்லாருக்கும் சொல்வார். சுருளி கேப்டன் என்று கூப்பிடுவான். எஸ்டேட்டில் அவர் உண்மையைச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. இன்றைக்குப் பொய்யை நம்ப ஆள் இருக்கிறது.

அவர் படகைப் பார்த்தார். உளி சுரண்டிய இடத்தில் பெயிண்ட்டுக்குக் கீழே தேக்கு தெரிந்தது. தேன் நிறம். ஒரு பூச்சி அரித்த தடம் இல்லை. அந்த இடம் எந்தப் பலகை, எத்தனையாவது என்று அவருக்குத் தெரியும். மூன்று வருஷம் கையால் தடவியது.

கார் வந்து நின்றது. பிரபாகரன் செருப்பு மணலில் புதையப் புதைய ஓடிவந்தார்.

"என்ன மேஸ்திரி? என்னாச்சு?"

மேஸ்திரி ஆரம்பித்தார். "சார், இந்த மரம் பழசுல்லா..."

"மரம் நல்ல மரம் தம்பி." பிச்சைமணி எழுந்து நின்றார். "அதுமேல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் கெடுத்துப்புட்டேன்."

மேஸ்திரி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாங்க" என்றார் பிச்சைமணி அவரிடம். "செய்யாத குத்தத்த ஒருத்தர் மேல வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மரமா இருந்தாலும் வேணாம்."

பிறகு அடுப்பு, பஞ்சு, பசை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மேஸ்திரி விளக்கியதையும் அவரே சொன்னார். பிரபாகரன் கேட்டுக்கொண்டே போய்ப் படகின் வயிற்றில் கையை வைத்தார். பலகை ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவர் முதுகு இவர்கள் பக்கம் இருந்தது. அவர் தோள் குலுங்கியதை இருவரும் பார்க்காதது போல இருந்தார்கள். பிரபாகரன் கெட்டவர் அல்ல. வேலையை விட்டுவிட்டு வந்தவர். தை மாதக் காற்றுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்.

"நான் ஈரம்னு சொன்னது மழைத் தண்ணிய. அடுப்பு வைக்கவா சொன்னேன்?"

"இல்ல தம்பி."

"பஞ்ச எடுக்கச் சொன்னேனா?"

"இல்ல. போட்டோ அனுப்பிச்சேன். பேசியும் அனுப்..."

"போட்டோல என்னத்தத் தெரியும்!" அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "எஸ்டேட்டுல ஒங்களை அனுப்புனப்ப ஊரே சொல்லுச்சு, நாந்தான் கேக்கல. ஒங்க கையில ஒண்ணையும் குடுக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. தெரியாம நான்ல குடுத்துட்டேன்."

"சார், அது வேற, இது வேற" என்றார் மேஸ்திரி.

பிச்சைமணி வாயைத் திறந்தார். 'நான் எடுக்கலைங்க' என்ற அந்தப் பழைய வார்த்தைதான் நாக்கு நுனிக்கு வந்தது. இங்கே அதற்கு வேலை இல்லை. மூடிக்கொண்டார்.

படகைப் பிரித்துப் பலகையை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் பிரபாகரன் காருக்குப் போனார். டிக்கியைத் திறந்து, படகு இறக்கிய அன்று அதில் போட்டு வைத்திருந்த பிச்சைமணியின் துணிப்பையை எடுத்துக் கரையோரக் கல்லின் மேல் வைத்தார். எறியவில்லை. பையிலிருந்த செம்பு உருண்டுவிடாதபடி பார்த்து வைத்தார். எறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிச்சைமணிக்குத் தோன்றியது.

கார் போய்விட்டது.

ஊருக்கு என்ன முகத்தோடு போவது? மேஸ்திரியும் போகச் சொல்லவில்லை. "சாப்பிட வாங்க" என்றார். வெள்ளிக்கிழமை பிச்சைமணி கவுச்சி தொட மாட்டார் என்று அவர் மனைவி கேட்டுத் தெரிந்துகொண்டு, மீனை ஒதுக்கிவிட்டுப் பருப்பும் அப்பளமும் வைத்தாள். மறுநாள் மேஸ்திரி ஒரு உளியைக் கொடுத்தார். பலகையைக் காப்பாற்ற வேண்டுமானால் நடுவிலிருக்கிற பசையை வெட்டி எடுக்க வேண்டும். ஒன்பது வாரம் வைத்ததை எடுக்கத் தொடங்கினார் பிச்சைமணி. பசை எளிதில் வரவில்லை. நன்றாகத்தான் வைத்திருந்தார்.

வேலுத்தாய்க்குப் போன் செய்தார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "மரப்படகு எப்படி இருக்கணும்னு ஒங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? அவருக்கே தெரியல" என்றாள். பிறகு, "கைய வெட்டிக்கிறாதீக. வெரசா வந்து சேருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரி வெள்ளை வேட்டி கட்டி மனைவியோடு மாதா கோயிலுக்குக் கிளம்பினார். தளத்தின் கதவு திறந்தே கிடந்தது. கருவிப்பெட்டி, புது மரம், பாதி கட்டிய வள்ளம் எல்லாம் அப்படியே இருந்தன.

"பூசைக்குப் போய்ட்டு வாரோம். எல்லாத்தையும் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

மேஸ்திரி அதை வேண்டுமென்றேதான் சொன்னார். அது பிச்சைமணிக்கும் தெரிந்தது. மனிதருக்குள் இப்படியும் ஒரு மருந்து கொடுக்க ஆள் வைத்திருக்கிறான் ஆண்டவன். ஆனால் 'பாத்துக்கறேன்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் போன பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டார். தளத்தின் நடுவில், எதன் மேலும் கை படாத இடமாகப் பார்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கெல்லாம் கிழக்கே கறுத்தது. முதல் துளி விழுந்ததும் அவர் உடம்பு தானாக எழுந்தது. தார்ப்பாயை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். படகைப் பார்த்தார். வள்ளத்தைப் பார்த்தார். புது மரத்தைப் பார்த்தார். எது நனையலாம், எது நனையக் கூடாது? இருபத்தெட்டு வருஷமாகத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. மழை தலையில் விழ, அங்கேயே நின்றார்.

"ஏ அண்ணாச்சி! ஓடியாங்க, ஒரு கை பிடிங்க!"

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெண் காயப்போட்டிருந்த கருவாட்டுப் பாய்களை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். பிச்சைமணி ஓடினார். பாயின் ஓரம் வரை போன கை நின்றது.

"ஆத்தா, இது நனையக் கூடாதுல்ல?"

"என்ன கேள்வி இது? கருவாடு நனையலாமா?"

"நல்லாத் தெரியுமா?"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"தெரியும்யா. பொறந்ததுலேருந்து இதானே சோலி. பிடிங்க."

அவர் பிடித்தார். பதினோரு பாய்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் தூக்குவதற்கு முன் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். அவளும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னாள்.